யானைத்தீயும் நம் எழுத்தும்

பசியை எழுதத் தமிழ் எழுத்தாளனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சங்கப் பாணன் தொடங்கி நேற்று வந்த சிறுகதை வரை அது கைவந்த சரக்கு. 1979ல் துரை எடுத்த படத்துக்குப் 'பசி' என்ற ஒற்றைச் சொல்லே தலைப்பாகப் போதுமாயிருந்தது. மெலிந்த உடம்பு ஒன்றைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டால் எழுதுகிறவனின் வாக்கியங்களுக்கு ஒரு நியாயம் தானாக வந்துவிடுகிறது. அனுபவம் இருக்கிறதோ இல்லையோ, தார்மீகம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. இதைப் பழியாகச் சொல்லவில்லை. பசி உண்மையாக இருந்த மண் இது. ஆனால் ஒரு மொழி ஒரே உடம்பைத் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருந்தால் மற்ற உடம்புகள் என்ன ஆகின்றன என்று கேட்காமல் முடியாது.

பருத்த உடம்புக்கு நம் எழுத்தில் கிடைத்திருப்பது இரண்டே இடம். ஒன்று, மிராசுதார், வட்டிக்கடைக்காரர், தர்மகர்த்தா, ஏட்டையா இவர்களுடைய தொந்தி. அது சுரண்டலின் படிமம். ஆளுக்கு முன்னால் தொந்தி வந்துவிடும். அதோடு பாத்திரப் படைப்பும் முடிந்துவிடும். இன்னொன்று விகடத் துணுக்கு: நாற்காலி உடைவது, பஸ் ஒரு பக்கமாகச் சாய்வது, மாப்பிள்ளை வீட்டார் பெண்ணைப் பார்த்துவிட்டு பஜ்ஜியோடு ஓடிப்போவது. வாரப் பத்திரிகைகள் இந்தச் சிரிப்பைப் பல வருஷம் விற்றன. அவற்றின் காரியம் அது, விட்டுவிடலாம். பிரக்ஞை, இருப்பு, அந்நியமாதல் என்றெல்லாம் பேசிய சிறுபத்திரிகைக்காரர்களாகிய நாம் என்ன செய்தோம்? அந்நியமாவதற்குத் தன் உடம்பைவிட அருகில் இருக்கும் விஷயம் வேறென்ன? தன் உடம்பைத் தானே ஒரு குற்றமாக உணர்ந்து, அதைக் குறைக்க முயன்று, குறைத்து, மறுபடி ஏறி, ஏறியதை இன்னொரு ஒழுக்கக் கேடாகத் தன் கணக்கிலேயே எழுதிக்கொள்கிற மனம் ஒன்று இருக்கிறது. அந்த மனத்தின் உள்ளிருந்து எழுதப்பட்ட ஒன்றை எடுத்துக்காட்டச் சொன்னால் கை நீள மாட்டேன் என்கிறது.

2019–21ல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையான பெண்களில் 40.4 சதவீதம் பேர் எடை மிகுந்தவர்கள்; ஆண்களில் 37 சதவீதம். 2015–16ல் இது முறையே 30.9, 28.2 ஆக இருந்தது. புள்ளிவிவரத்தை நீட்டி இலக்கியம் கேட்பது அசட்டுத்தனம் என்பது தெரியும். ஆனால் பத்தில் நான்கு பேர் தினமும் கண்ணாடி முன் நடத்தும் விசாரம் நம் படைப்புகளில் ஒரு வரியாகக்கூட விழவில்லை என்றால், குறை அவர்களிடம் இருக்க முடியாது.

முதல் தடை மொழியிலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன். தமிழில் கொழுப்பு உடம்பிலிருக்கும் பொருள் மட்டுமல்ல, குணம். 'என்ன கொழுப்பு இவனுக்கு' என்பது எடை பார்த்துச் சொல்வதில்லை. வாய்க்கொழுப்பு உண்டு, பணக்கொழுப்பு உண்டு. எல்லாவற்றிலும் கொடூரமானது சோத்துக் கொழுப்பு. கூலி கேட்டு நிமிர்ந்தவனைப் பார்த்துப் பண்ணையார் சொன்ன சொல் அது. வயிறு நிறையச் சாப்பிட ஆரம்பித்துவிட்டான், அதனால்தான் எதிர்த்துப் பேசுகிறான் என்று அர்த்தம். யார் எவ்வளவு சாப்பிடலாம் என்கிற சாதியின் தீர்ப்பு அந்த இரண்டு வார்த்தைக்குள் உறைந்து கிடக்கிறது. அந்தச் சொல்லைத்தான் இன்று ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைச் சீட்டின் மீது விரல் வைத்து, 'கொழுப்பு ஜாஸ்தி இருக்கும்மா' என்று சொல்லக் கேட்கிறோம். எதிரே உட்கார்ந்திருக்கும் பெண் தலைகுனிவது ரசாயனத்தைக் கேட்டு அல்ல.

இந்தப் பக்கம் இளைத்தல். 'நான் யாருக்கும் இளைச்சவன் இல்லை' என்கிறோம். இளைத்தவன் என்றால் தாழ்ந்தவன், தோற்றவன். இளைப்பு மூச்சிரைப்பு, வியாதி. மெலியோர் என்றால் வலியோரிடம் அகப்பட்டுக்கொண்டவர்கள். லீவுக்கு வந்த பேரனை வாசலிலேயே நிறுத்தி, 'என்னய்யா, இப்படித் துரும்பா இளைச்சு வந்திருக்க' என்று அப்பத்தா கேட்பது பாசத்தின் முதல் வாக்கியம். அவன் ஆறு மாசம் பாடுபட்டு எட்டு கிலோ குறைத்திருக்கிறான் என்பதை அவளிடம் எந்தச் சொல்லால் சொல்வது? 'உடம்பு வச்சிருக்க' என்பது ஒரு காலத்தில் வாழ்த்து. இன்று அதே சொல்லைக் கேட்டால் கல்யாண வீட்டிலிருந்து பாதியிலேயே கிளம்பிவிடுகிறார்கள். 'பூசினாப்போல' என்பதில் மட்டும் கொஞ்சம் வாஞ்சை மிஞ்சியிருக்கிறது, அதுவும் பெண்ணுக்கு இருபது வயது இருந்தால்.

பருத்திருந்தால் கொழுப்பு, குறைந்தால் இளைத்தவன். ஒருபக்கம் திமிர் என்கிற குற்றம், மறுபக்கம் தோல்வி என்கிற முத்திரை. இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்ட மனத்துக்கு இந்த மொழியில் நிற்க இடமில்லை. 'டயட்ல இருக்கேன்' என்று இங்கிலீஷுக்குள் நகர்ந்துகொள்வதை நாகரிக மோகம் என்று நாம் பரிகாசம் பண்ணுகிறோம். சொந்த மொழி நீட்டும் விரலிலிருந்து தப்புகிற வழியாகவும் அது இருக்கலாம்.

எனக்குப் பழகிய மண்ணை வைத்தே யோசிக்கிறேன். திண்டுக்கல் மலைக்கோட்டை மேல் ஏறி நின்றால் ஒருபுறம் சிறுமலை, மறுபுறம் தூரத்தில் பழனி மலைத்தொடர். நடுவில் கிடப்பது வானம் பார்த்த பூமி. கம்பும் சோளமும் மொச்சையும் விளைந்த மேட்டுக்காடு. நெல்லுச்சோறு தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வருவது. 1876–78 பஞ்சம் இந்தச் சமவெளியை உள்ளடக்கிய மதுரை ஜில்லாவையும் விடவில்லை. 1877ல் ரிச்சர்ட் டெம்பிள் நிவாரண வேலைக்கு வருகிறவனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் காசும் போதும் என்று கூலியை வெட்டினார். சென்னை மாகாணத்தின் சுகாதார கமிஷனர் கார்னிஷ் இதில் மனிதன் பிழைக்க மாட்டான் என்று சண்டை போட்டார். ஒரு உடம்பு சாகாமல் மண் வெட்ட எவ்வளவு தானியம் வேண்டும் என்று இரண்டு வெள்ளைக்காரர்கள் காகிதத்தில் வாதாடியதுதான் நம் உடம்பைப் பற்றிய முதல் நவீன விவாதம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. அளவு பேசப்பட்டது, உடம்புக்குச் சொந்தக்காரன் பேசவில்லை.

பஞ்சம் போய்விடும், கை மட்டும் அதை மறக்காது. பாதியில் எழுந்த பிள்ளையின் கையைப் பிடித்து 'இன்னும் ஒரு வாய்' என்று வைக்கும் கை அது. 1956ல் காமராஜரின் மதிய உணவு, 1982ல் எம்.ஜி.ஆரின் சத்துணவு, 2008ல் ரூபாய்க்கு ஒரு கிலோ அரிசி, 2011ல் விலையில்லா அரிசி. பண்டிகைச் சோறு அன்றாடச் சோறாக மாறிய இந்த வரலாற்றைக் கேவலமாகப் பேசுகிறவர்களோடு எனக்குப் பேச்சில்லை. ஆனால் வேறொன்று கூடவே நடந்தது. கமலை இறைத்த உடம்புக்கு அளந்த அதே கை, தையல் மெஷினில் உட்கார்ந்த உடம்புக்கும் அளந்தது. மில் ஷிப்டில் நின்ற உடம்புக்கும், கல்லாவில் உட்கார்ந்த உடம்புக்கும் அளந்தது. அளவைக் குறைக்கச் சொன்னால் அது அன்பைக் குறைக்கச் சொன்ன மாதிரி.

1957ல் நாகசாமி நாயுடு திண்டுக்கல்லில் ஆனந்த விலாஸ் என்று ஒரு பிரியாணிக் கடை திறந்தார். அவர் தலையில் கட்டியிருந்த தலப்பாவே பிறகு கடைக்குப் பெயராகி, சீரகச் சம்பாவின் மணத்தோடு ஊர் ஊராகப் போனது. திண்டுக்கல் பூட்டுக்கு 2019ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனாலும் வெளியூரில் இந்த ஊர்ப் பெயரைச் சொன்னால் யாருக்கும் பூட்டு ஞாபகம் வருவதில்லை. பூட்டுக்குப் பெயர் போன ஊர் சோற்றால் அறியப்படுவதில் எனக்கொன்றும் வருத்தமில்லை. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி என்று இங்கே சொல்வார்கள். அந்தச் சொல்லை எங்கே பயன்படுத்துகிறார்கள் என்று கவனியுங்கள்: வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி மகனைப் படிக்க வைத்தாள், மகளைக் கட்டிக்கொடுத்தாள். வயிற்றைக் கட்டுவது எப்போதும் இன்னொருவருக்காக. தன் இடுப்புக்காகத் தன் வாயைக் கட்டுகிறேன் என்று சொல்ல நம்மிடம் வாக்கியம் இல்லை. ஒரு பெண் அப்படிச் சொன்னால் அது உடனே மினுக்கு ஆகிவிடும்.

இன்னொருவருக்காக, இல்லாவிட்டால் சாமிக்காக. பழனி பக்கத்தில் இருக்கும்போது இதைத் தாண்டிப் போக முடியாது. ஒரு பழம், இரண்டு பிள்ளைகள். உலகைச் சுற்றிவிட்டு வேர்க்க விறுவிறுக்க வந்தவனுக்குப் பழமில்லை. அப்பா அம்மாவைச் சுற்றிவிட்டு நின்ற தொந்திக்காரருக்குப் பழம். (உடற்பயிற்சி தோற்றுப்போன புராணம் வேறு எங்கும் இருக்கிறதா?) தோற்றவன் கோவணத்தோடு மலையேறிவிட்டான். பழனியாண்டியின் மெலிந்த உடம்பைத் துறவு என்கிறோம்; அது கோபம். வீட்டில் கிடைக்காத பழத்துக்காகச் சாப்பாட்டையே உதறிய பிள்ளையின் கோபம். அந்த மலையில்தான் வாழைப்பழமும் சர்க்கரையும் தேனும் நெய்யும் பேரீச்சையும் கற்கண்டும் பிசைந்த பஞ்சாமிர்தம் உலகத்துக்கெல்லாம் கிடைக்கிறது என்பது நம் மரபின் மிக நுட்பமான கேலி, அல்லது மிக நுட்பமான சமாதானம்.

இன்னொரு கோவணமும் இந்தப் பக்கத்தில்தான். 1921 செப்டம்பர் 22 அன்று மதுரையில் காந்தி அரையாடைக்கு மாறினார். 1947ல் சின்னாளப்பட்டிக்குப் பக்கத்தில் சௌந்தரமும் ராமச்சந்திரனும் காந்திகிராமம் தொடங்கினார்கள். ஆக, இந்தச் சமவெளியில் ஒழுக்கத்துக்கு ஒரு உடம்பு இருக்கிறது: மெலிந்தது, தானாக மெலிய முடிவு செய்தது. கம்பங்காட்டில் தானாக முடிவு செய்யாமல் மெலிந்தவனுக்கு அந்த ஒளிவட்டம் கிடைத்ததில்லை. பருத்தவனுக்கோ கேட்கவே வேண்டாம்.

விரதத்தைப் பற்றி நாம் சரியாக யோசித்ததில்லை. தைப்பூசத்துக்குக் காவடியோடு செட்டிநாட்டிலிருந்து நத்தம், திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம், ஒட்டன்சத்திரம் என்று நடந்து போகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். விரதத்துக்கு நாள் கணக்கு உண்டு. ஆரம்பம் உண்டு, முடிவு உண்டு, முடிந்த அன்று சாப்பாடு உண்டு. உடம்பு அங்கே வாகனம்தான், இலக்கு வேறு. வழியில் பந்தல் போட்டு ஊட்டிவிடாத குறையாகச் சோறு போடுகிறார்கள். இதற்கு எதிராக, நம் ஊர்ப் பூங்காக்களில் சிமெண்டில் எட்டு வரைந்து வைத்திருக்கிறார்கள். விடிகாலையில் அதன் மேலேயே சுற்றிச் சுற்றி நடக்கிறார்கள். எட்டுக்குத் தொடக்கமில்லை, போய்ச் சேரும் மலையும் இல்லை. எடை குறைப்பு என்பது சாமி இல்லாத, கடைசி நாள் இல்லாத விரதம். ஆனால் விரதத்தின் பாவக் கணக்கு மட்டும் அப்படியே வந்து ஒட்டிக்கொண்டது. சாயந்தரம் ஒரு வடை தின்றவர் 'தப்புப் பண்ணிட்டேன்' என்கிறார். அவர் உபயோகிக்கிற வினைச்சொல்லைக் கேளுங்கள். பசியாறினேன் என்று சொல்லவில்லை.

பூட்டுப் பட்டறை வைத்திருந்த ஒருவர் எனக்குப் பழக்கம். ஒரு காலத்தில் ரயில் நிலையங்களில் வண்ண விளக்கு சுழலும் எடை மெஷின் இருந்தது. காசு போட்டால் அட்டைச் சீட்டு விழும். ஒரு பக்கம் எடை, மறுபக்கம் பலன். எங்கே ரயிலேறினாலும் அதில் ஏறி இறங்கி அந்தச் சீட்டுகளைச் சேர்த்து வைத்திருந்தார். எடை கூடிய சீட்டில் பலன் நன்றாக இருந்துவிட்டால் அவருக்குக் குழப்பம் வந்துவிடும். எண்ணையும் விதியையும் ஒரே அட்டையில் அச்சடித்தவனுக்கு மனித மனம் தெரிந்திருக்கிறது. அந்த மெஷின்கள் ஏறக்குறைய ஒழிந்துவிட்டன; சீட்டின் இரண்டாம் பக்கம் ஒழியவில்லை. குளியலறை எடைப்பொறியில் காலை ஆறு மணிக்குத் தெரியும் எண், அன்று முழுவதும் ஒருவர் தன்னை எப்படி நடத்திக்கொள்வார் என்பதை இப்போதும் நிர்ணயிக்கிறது.

மனசில் உறுதியில்லை, அதனால்தான் ஏறுகிறது என்று சொல்லிப் பழகிவிட்டோம். 1944 நவம்பரில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் 36 இளைஞர்களை ஆராய்ச்சிக்குச் சேர்த்தார். போருக்குப் போக மறுத்தவர்கள். ஐரோப்பாவில் பட்டினி கிடந்தவர்களை எப்படித் தேற்றுவது என்று அறிவதற்காகத் தாங்களே பட்டினி கிடக்க முன்வந்தவர்கள். மன உறுதிக்கு இதற்கு மேல் ஆள் கிடைக்காது. ஆறு மாதம் அரைப்பட்டினி. எடையில் ஏறக்குறைய கால் பங்கு போயிற்று. அதோடு அரசியலும் காதலும் நட்பும் போயின. சமையல் புத்தகங்களைச் சேர்த்துப் படித்தார்கள், தட்டை நக்கினார்கள், கனவில் சாப்பிட்டார்கள். மறுபடி சோறு போட்டபோது நிறையவில்லை. வயிறு முட்டியும் பசித்தது. உடம்பிலிருந்த கொழுப்பு பழைய அளவைத் தாண்டி ஏறியது. உயரத்துக்கு எடை சரிதானா என்று பார்க்கும் பெல்ஜியத்துக் கெட்லேயின் பழைய கணக்கை எடுத்து 1972ல் பி.எம்.ஐ. என்று பெயர் வைத்ததும் இதே கீஸ்தான். அவர் கொடுத்த எண் ஊர் ஊராகப் போய்விட்டது. அந்த முப்பத்தாறு பேரின் கதை அதனோடு போகவில்லை.

2011ல் மெல்போர்னில் பார்த்தார்கள்: எடை குறைத்து ஒரு வருஷம் ஆன பிறகும் பசியைத் தூண்டும் சுரப்புகள் தணியவில்லை. உடம்பு தன் பஞ்சத்தை மறக்க மாட்டேன் என்கிறது, அப்பத்தாவின் கையைப் போல. 1973ல் ஹில்டே ப்ரூச் எழுதிய புத்தகம் வேறொரு பக்கத்தைத் திறந்தது. குழந்தை எதற்கு அழுதாலும் வாயில் ஊட்டினால், வளர்ந்த பிறகு தனிமைக்கும் கோபத்துக்கும் பயத்துக்கும் அதற்குப் பசி என்ற ஒரே பெயர்தான் தெரிந்திருக்கும் என்றார். கூர்மையான பார்வை, ஆனால் குற்றப்பத்திரிகை கடைசியில் தாயின் தலையில் போய் விழுகிறது. பஞ்சம் கண்ட மண்ணில் ஊட்டிய கையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற எனக்கு மனசில்லை. 2025ல் மவுன்ஜாரோ, வீகோவி என்று ஊசிகள் இந்தியாவுக்கு வந்தன. போட்டுக்கொண்டவர்கள் பலர் ஒரே மாதிரி சொல்கிறார்கள்: தலைக்குள் ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்த சாப்பாட்டின் இரைச்சல் நின்றுவிட்டது என்று. இரைச்சல் இருந்தது என்பதே மற்றவர்களுக்குச் செய்தி. இத்தனை வருஷம் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பேசியிருக்கிறோம், நமக்குக் கேட்கவில்லை.

சினிமா இந்த விஷயத்தில் நம்மைவிட அதிகம் காட்டிக்கொடுக்கிறது. ஆனந்த விலாஸ் திறந்த அதே 1957ல் 'மாயா பஜார்' வந்தது. எஸ்.வி. ரங்காராவின் கடோத்கஜன் கல்யாணச் சமையலைத் தன்னந்தனியாக உட்கார்ந்து தின்று தீர்ப்பான். பாத்திரங்கள் தாமாக அவனிடம் நகர்ந்து வரும், தின்னத் தின்ன வளர்வான், சிரிப்பான். கொட்டகை அவனோடு சேர்ந்து சிரித்தது. பசி தெரிந்த ஜனம் தன் கனவைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு அது. 1980களுக்கு வந்தால் பிந்து கோஷ், உசிலைமணி. பிந்து கோஷ் அடிப்படையில் நடனக்காரி. அவ்வளவு பெரிய உடம்பில் அந்த லகு எங்கிருந்து வருகிறது என்று ஒரு டைரக்டருக்காவது வியக்கத் தோன்றியிருக்கலாம். தோன்றவில்லை. அவர் வாசலில் வந்து நின்றாலே போதும், சிரிக்க வேண்டும். இடையில் இருபத்தைந்து வருஷம். சிரிப்பு திசை மாறிவிட்டது. தின்பவனோடு சேர்ந்து சிரித்தவர்கள் தின்பவளைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கிவிட்டார்கள். சோறு அபூர்வமாக இல்லாமல் போன காலமும் அதே காலம் என்பதை யாராவது உட்கார்ந்து எழுதலாம்.

2015ல் 'இஞ்சி இடுப்பழகி'. பருமனான பெண்ணைக் கதாநாயகியாக்கியதற்காகவே பாராட்டப்பட்ட படம். அனுஷ்கா அதற்காக ஏறக்குறைய 20 கிலோ ஏற்றிக்கொண்டார் என்ற செய்தி படத்தைவிடப் பெரிய விளம்பரமாக ஓடியது. அந்த விளம்பரத்திலேயே சூட்சுமம் இருக்கிறது: இந்த உடம்பு வேஷம், உள்ளே இருப்பவர் மெலிந்தவர், திரும்பிப் போய்விடுவார், பயப்படாதீர்கள். முதல் பாதியில் கல்யாணம் தட்டிப்போகும் அவமானத்தைக் கொஞ்சம் நெருங்கிப் போகிறது. ஊர்வசியின் அம்மாவிடம் அசலான பதற்றம் ஒன்று உண்டு. அந்த இடத்தில் தைரியம் தீர்ந்துவிடுகிறது. எடை குறைப்பு நிலையம் நடத்தும் வில்லனாகப் பிரகாஷ்ராஜைக் கொண்டு வந்து நிறுத்தி, கதாநாயகியை அவருக்கு எதிராகப் பிரசாரம் பண்ண அனுப்பிவிடுகிறார்கள். உள்ளே நடக்க வேண்டிய யுத்தம் நுகர்வோர் பிரச்சினையாக மாறி முடிகிறது. அவள் ராத்திரி தனியாக என்ன செய்கிறாள் என்பது எங்கும் இல்லை. நம் ஜனரஞ்சகக் கலை சமூக சேவை செய்யக் கிளம்பும்போதெல்லாம் ஒரு மனுஷியிடமிருந்து தப்பி ஓடுகிறது என்றே எனக்குப் படுகிறது.

இன்று இந்த அனுபவத்துக்கு இருக்கும் ஒரே இலக்கிய வடிவம் முன்–பின் புகைப்படம். சத்துப் பானக் கிளப்புகளின் சுவரிலும், பேலியோக்காரர்களின் பக்கங்களிலும், ஜிம் பிளெக்ஸ் போர்டிலும் அதுதான். இடதுபக்கம் குனிந்த முகம், வலதுபக்கம் சிரித்த முகம். மதம் மாறியவர்கள் மேடையேறிச் சொல்லும் சாட்சியத்தின் அதே அமைப்பு: நான் பாவியாக இருந்தேன், மீட்கப்பட்டேன். ஒவ்வொரு கிலோவுக்கும் கைதட்டல். கைதட்டியவர்கள் யாரும் நாலு கிலோ ஏறியவரை அடுத்த மாதம் தேடிப் போவதில்லை. அவரும் அந்தத் தெருப் பக்கம் வருவதில்லை, சுற்றிக்கொண்டு போகிறார். இரண்டு படங்களுக்கும் நடுவே ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு இருக்கும். நாட்கள் எல்லாம் அதற்குள்தான் போயின: தையற்கடையில் அளவு சொல்லும்போது குரல் இறங்கியது, ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் இருந்தவர் வேண்டுமென்றே ஒதுங்கி உட்கார்ந்தது, விருந்தில் எல்லோர் முன்பும் வேண்டாமென்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து விளக்குப் போடாமல் நின்றுகொண்டே சாப்பிட்டது.

நம் மரபில் இந்தக் கோட்டுக்குள் எட்டிப் பார்த்த ஒருவர் உண்டு, சாத்தனார். 'மணிமேகலை'யை அன்னதானத்தின் காவியமாகவே படித்துப் பழகிவிட்டதால் காயசண்டிகை நம் கண்ணில் படுவதில்லை. விஞ்சைநாட்டுப் பெண். கணவன் காஞ்சனனோடு பொதிகைக்கு வந்தவள், விருச்சிகன் என்ற முனிவன் குளிக்கப் போகும்போது வைத்துவிட்டுப் போன நாவற்கனியைக் கால் பட்டுச் சிதைத்துவிடுகிறாள். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பழுக்கும் கனி. அதைத் தின்று பன்னிரண்டு வருஷம் பட்டினியிருக்கும் முனிவன். அவனுடைய பன்னிரண்டு வருஷப் பசி சாபமாகி இவளுக்குள் இறங்குகிறது. யானைத்தீ. எவ்வளவு தின்றாலும் அடங்காது. வானில் பறக்கும் வித்தையும் மறந்துவிடும்.

இதில் சாத்தனார் எவ்வளவு சரியாக இருக்கிறார் என்று பாருங்கள். அவள் பருத்தவளா என்பதைப் பற்றி அவருக்கு அக்கறையில்லை. தீராத பசி உள்ளிருந்து எப்படியிருக்கும் என்பதுதான் விஷயம். அந்தப் பசி அவளுடைய பேராசையிலிருந்து வரவில்லை. இன்னொருவனின் விரதம் அவள் காலடியில் நசுங்கியதால் வருகிறது. ஒருவரின் கட்டுப்பாடும் இன்னொருவரின் கட்டுப்பாடின்மையும் ஒரே பழத்தின் இரண்டு பக்கம். தண்டனை எடையில் இல்லை, பறக்க மறந்துபோவதில் இருக்கிறது. அவளை யாரும் உபதேசம் பண்ணிக் குணப்படுத்தவில்லை. மணிமேகலை சிரிக்கவில்லை, ஏன் இப்படித் தின்கிறாய் என்று கேட்கவில்லை. அமுதசுரபியிலிருந்து ஒரு பிடி கொடுக்கிறாள், அடங்கிவிடுகிறது. அதன் பிறகு முன்–பின் படத்துக்கு நிற்க அவள் இருக்கவில்லை. ஊர் திரும்பப் பறக்கும் வழியில் விந்தியத்தின் மேல் விந்தாகடிகை அவளை இழுத்து விழுங்கிவிடுகிறது. வெற்றிக் கதையாகச் சொல்ல மறுத்த இந்தத் துணிச்சலை நம் நாவலாசிரியர்களிடம் தேடிப் பார்க்கிறேன்.

இதைவிட விசித்திரம் அடுத்து வருவது. உதயகுமரன் மணிமேகலையை விடாமல் துரத்துகிறான். அவனிடமிருந்து தப்ப அவள் ஒரு உருவத்துக்குள் ஒளிந்துகொள்ள வேண்டும். வித்தை தெரிந்தவள், எந்த உருவமும் எடுத்திருக்கலாம். யானைத்தீ பிடித்த காயசண்டிகையின் உருவத்தை எடுக்கிறாள்.

1980களின் நடுவில் சான் டியேகோவில் வின்சென்ட் ஃபெலிட்டி என்ற மருத்துவர் எடை குறைப்புச் சிகிச்சை ஒன்றை நடத்தினார். நன்றாகக் குறைந்துகொண்டிருந்தவர்களே பாதியில் விட்டுவிட்டு ஓடினார்கள். அவருக்கு அது விளங்கவில்லை, கூப்பிட்டு விசாரித்தார். பலர் சிறுவயதில் பாலியல் கொடுமைக்கு ஆளானவர்கள். பருத்திருந்தால் ஆண்கள் கண் மேலே படாது, குறையக் குறையப் பயம் வந்தது என்றார்கள். 1998ல் வெளியான, குழந்தைப் பருவக் கொடுமைகள் பற்றிய பெரிய ஆய்வுக்கு விதை அந்தப் பேச்சில்தான் விழுந்தது. மருத்துவம் பிரச்சினை என்று நினைத்தது, உள்ளே இருந்தவளுக்குப் பாதுகாப்பாக இருந்திருக்கிறது. அதைக் கழற்றச் சொல்லித்தான் அவளுக்கு மாதாமாதம் எண் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். எல்லாப் பருமனுக்கும் இது காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. சொன்னால் அது இன்னொரு முத்திரை. ஆனால் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் துப்பட்டாவை இழுத்துவிட்டு நிற்கும் பெண்களில் யார் எதற்காகத் தன் உடம்பைப் போர்த்திக்கொண்டிருக்கிறாள் என்று நமக்கு எப்படித் தெரியும்?

காஞ்சனனுக்குத் தெரியவில்லை. பன்னிரண்டு வருஷம் முடிந்து மனைவியைக் கூட்டிப்போக வந்தவன், மணிமேகலை எடுத்திருந்த உருவத்தைப் பார்த்து அவளே என்று நம்பினான். அவள் தன்னை விலக்கிவிட்டு உதயகுமரனோடு பேசுவதைக் கண்டான். நடுராத்திரியில் அவளைத் தேடி வந்த உதயகுமரனை வாளால் வெட்டினான். அந்த உருவத்துக்குள் யார் இருந்தாள், அவன் மனைவி எங்கே போனாள் என்பதையெல்லாம் பிறகு அவனுக்குத் தூணில் இருந்த கந்திற்பாவைதான் சொல்ல வேண்டியிருந்தது.